ஒரு பொருளுக்கு ஒரு கேள்வி

புது ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அங்கே எதையாவது வாங்க வேண்டும். சும்மா நின்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கால் கிலோ மிக்சரை நிறுத்துப் பொட்டலம் கட்டும்போது கடைக்காரரின் கைக்கு வேலை இருக்கும், வாய் சும்மா இருக்கும். அந்த நேரம் பார்த்துக் கேட்டால் சொல்லிவிடுவார். எங்கள் உறவில் மூன்று கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஊருக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தவள் நான்தான். ஒரு பொருளுக்கு ஒரு கேள்வி என்பது நான் வைத்திருந்த முறை. இரண்டாவது கேள்வி வேண்டுமென்றால் இரண்டாவது பொருள் வாங்கியாக வேண்டும். அப்படி வாங்கிய தேங்காய்த் துருவி, ஈயச் சொம்பு, யாருக்கும் பொருந்தாத செருப்பு எல்லாம் இன்னும் என் வீட்டுப் பரணில் இருக்கின்றன.

ஆனி மாதக் கடைசியில் இதே வேலையாக நானும் என் கணவரும் திருவானைக்காவலிலிருந்து ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினோம். என் தங்கைக்கு அந்த ஊரில் ஒரு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளைக்கு நூற்பாலையில் தரம் பார்க்கும் வேலை. அவருடைய அப்பா ஒரு காலத்தில் நாலு தறி போட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்தவர். ஜாதகம் பொருந்திவிட்டது. ஆடி பிறந்துவிட்டால் பேச்சு நின்றுபோகும், அதற்குள் பெண் பார்த்துத் தட்டு மாற்றிவிடலாம் என்று இரண்டு பக்கமும் தரகர் மூலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆடிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

விசாரிக்கப் போகிறோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிளம்பினேனே தவிர, எங்கள் பக்கமும் ஒரு விஷயம் இருந்தது. என் தங்கைக்கு ஆறு வயதில் இதயத்தில் ஓட்டை என்று ஆபரேஷன் செய்தார்கள். நல்லபடியாக முடிந்தது. இன்று அவளுக்கு இருபத்தொன்பது வயது, ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை, மூன்று மாடி ஏறி இறங்குவாள். ஆனால் தொண்டைக் குழிக்குக் கீழே ஆரம்பித்து நெஞ்செலும்பின் முடிவு வரை நேராக ஒரு தழும்பு உண்டு. இதற்கு முன் வந்த இரண்டு வரன்களிடம் நாங்களாகவே சொன்னோம். முதல் வீட்டார் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள். இரண்டாவது வீட்டார் டாக்டர் சான்றிதழ் கேட்டார்கள், கொடுத்தோம், பிறகு போனையே எடுக்கவில்லை. அதனால் மூன்றாவது வீட்டிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தோம். எடுத்தோம் என்று பன்மையில் எழுதுவது என் சாமர்த்தியம். முடிவெடுத்தவள் நான். நிச்சயம் முடிந்து பத்திரிகையும் அடித்த பிறகு மெல்லச் சொல்லிக்கொள்ளலாம், ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்று சும்மாவா சொன்னார்கள் என்று அம்மாவுக்குப் பாடம் எடுத்தேன். தங்கையிடம் கேட்டதற்கு, “உங்க இஷ்டம்” என்று சொல்லிவிட்டு நூலகத்துக்குக் கிளம்பிப் போனாள்.

காலை ஆறரைக்கு ராஜபாளையத்தில் இறங்கினோம். மேற்கே மலை முழுக்க மேகம் மூடியிருந்தது. காற்றில் ஈரம். பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு டீக்கடையில் இரண்டு டீ சொன்னேன். அதற்கு ஒரு கேள்வி. பேண்டேஜ் துணி நெய்த வீடு இந்தப் பக்கம்தானா என்று சாதாரணமாகக் கேட்டேன்.

டீக்கடைக்காரர் பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்டார். “எந்த ஊருல இருந்து வாரீக?”

“திருச்சி.”

“அவியளுக்கு நீங்க என்ன வேணும்?”

“ஒண்ணும் வேணாம். சும்மாத்தான். கோயிலுக்கு வந்தோம்.”

“கோயிலு ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கு. அதைத் தாண்டித்தான வந்தீக.” அவர் டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார். முகத்தில் சிரிப்பும் இல்லை, சந்தேகமும் இல்லை. என் கணவர் டீயை ஊதி ஊதிக் குடித்தார். அவருக்கு இந்த வேலையே பிடிக்காது. விசாரிக்கிறேன் பேர்வழி என்று நான் மூக்கை நுழைப்பதாக எப்போதும் சொல்வார்.

அந்த ஊரில் ஒரு கேள்வி கேட்டால் மூன்று கேள்வி திரும்பி வருகிறது. அடுத்து மாம்பழம் வாங்கினோம். மலையடிவாரத் தோப்புப் பழம், அந்த ஊர்ச் சப்பட்டை. தட்டையாக, பச்சை மாறாமலே பழுத்திருந்தது. புருஷனும் பெண்சாதியுமாகக் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அந்த வீட்டைப் பற்றிக் கேட்டதும் இருவரும் தெலுங்கில் பேசத் தொடங்கிவிட்டார்கள். அங்கே பலருக்கு வீட்டுப் பேச்சு தெலுங்கு என்று தெரியும். ஆனால் எனக்கு அதில் ஒரு சொல்கூடத் தெரியாது. அந்த அம்மாள் நடுவில் ஒரு முறை என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். பிறகு தமிழுக்கு வந்து, “தங்கமான பிள்ளை” என்று மட்டும் சொன்னார். பழத்தைப் பையில் போடும்போது போனை எதற்கோ எடுத்தவர் அதை என் முகத்துக்கு நேராக ஒரு நொடி அதிகமாகவே பிடித்திருந்தார்.

பேப்பர் கடையில் ஒரு பேனா வாங்கினேன். தங்கமான பிள்ளை. எண்ணெய்க் கடையில் கால் லிட்டர் நல்லெண்ணெய் வாங்கினேன். தங்கமான பிள்ளை. ஒரு ஊரே ஒரே வார்த்தையைச் சொன்னால் அது சொல்லிக்கொடுத்த வார்த்தை என்பது என் அனுபவம். எதையோ மூடுகிறார்கள். குடியா, கடனா, ஏற்கெனவே ஒரு கல்யாணமா என்று நடக்க நடக்க எனக்குள் பட்டியல் நீண்டது. மறைப்பவர்களுக்குத்தான் மற்றவர்களும் மறைப்பதாகத் தோன்றும் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டுத் தெரு முனையிலேயே ஒரு நைட்டிக் கடை இருந்தது. மாப்பிள்ளை வீடு அங்கிருந்து ஏழெட்டு வீடு தள்ளி. கடை வாசலில் உயரமான ஒரு வெள்ளை நாயைக் கட்டியிருந்தார்கள். அது குரைக்காமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைக்குள் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அளவு டேப். சுற்றிலும் பக்கத்துச் செட்டியார்பட்டியிலிருந்து தைத்து வந்த நைட்டிகள் அடுக்கடுக்காக இருந்தன. பெண்கள் நடத்தும் கடையில் விஷயம் வெளியே வரும் என்பது என் இன்னொரு கணக்கு. என் கணவரை வாசல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன்.

“யாருக்கு?” என்றார்.

“என் தங்கச்சிக்கு.”

“எம்புட்டு உசரம் இருப்பாக?”

என் காதுமட்டத்தைக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாக உதறி விரித்துப் போட்டார். துணி அருமையான பருத்தி. கையில் எடுத்தாலே குளிர்ந்திருந்தது. அடுக்கில் இருந்ததில் நல்ல நிறமாக ஐந்து எடுத்துவைத்தேன். ஐந்து பொருள், ஐந்து கேள்வி. அப்புறம் இருபது வருஷப் பழக்கத்தில் கை தானாகக் கழுத்தைத் தடவிப் பார்த்தது.

“கழுத்து எல்லாம் இறக்கமா இருக்கே. ஏத்தமா இல்லையா?”

“இது எறக்கமா? நைட்டிக்கு இதுக்கு மேல ஏத்தி யாரும் போட மாட்டாகளே, தாயி.”

“அவளுக்கு ஏத்தமா இருந்தாத்தான் சரி. இதுக்கு மேல வரணும்” என்று என் தொண்டைக் குழியில் விரலை வைத்துக் காட்டினேன்.

கடைக்கார அம்மாள் நைட்டியை மடியில் வைத்தார். என் விரல் நின்ற இடத்தையே பார்த்தார். “ஏன், தழும்பு எதுவும் இருக்கா?” என்று கேட்டார்.

அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார். தையல்காரருக்கு அது தொழில் கேள்வி. எனக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. ஊரை விசாரிக்க வந்தவள் மத்தியானம் ஆவதற்குள்ளேயே விரலை வைத்துக் காட்டிக்கொடுத்திருக்கிறேன். தன் வாயால் கெட்ட தவளையாவது வாயால் கெட்டது. நான் விரலால் கெட்டேன்.

“தழும்பா? அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க” என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. “அவ கொஞ்சம் கூச்ச சுபாவம். அவ்வளவுதான்.”

வாசலில் என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். பெஞ்சு வரை பேச்சு கேட்டிருக்கிறது.

“சரி” என்றார் கடைக்கார அம்மாள். “மேல துணி வச்சு ஏத்தணும். அஞ்சு நைட்டிக்கும் நேரமாகும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாங்க.”

அத்தோடு எழுந்து போயிருக்கலாம். ஆனால் வாங்கிய பொருளுக்குக் கேள்வி கேட்காமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. பேச்சை மாற்றுகிற சாக்கிலும்தான், அந்த வீட்டையும் பையனையும் பற்றிக் கேட்டேன். அன்று காலையில் முதல் முறையாக ஒருவர் குறை சொன்னார். பையனுக்கு முன்கோபம் உண்டு. சாப்பாட்டில் உப்பு கூடினால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவான். சேக்காளிகளுக்கு, கூட்டாளிகளுக்கு என்றால் கையில் காசு தங்காது. குடிப்பதில்லை. வேலைக்கு லேட்டாகப் போனதில்லை.

“ஆனா பொய் சொன்னா மட்டும் அவனுக்கு ஆகாது” என்று முடித்தார். “ஒரு தடவை அவிய அம்மா, வாங்காத மாத்திரையை வாங்கிட்டேன்னு சொல்லிட்டாக. மூணு நாளு அவியகூடப் பேசலை.”

“இவ்வளவு விவரமாச் சொல்றீங்களே, உங்களுக்கு நல்ல பழக்கமா?”

“அவிய அம்மா எனக்குக் கூடப்பிறந்த அக்கா. நான் அவனுக்குச் சித்தி.”

நான் கையில் வைத்திருந்த நைட்டியை மடிக்க ஆரம்பித்தேன். ஏன் மடித்தேன் என்று தெரியவில்லை.

“நீங்க ரெண்டு டீ சொன்னப்பவே எனக்குப் போன் வந்துருச்சு” என்றார் அவர், குரலை உயர்த்தாமல். “பழக்கடைக்காரவிய போட்டாவே அனுப்பிட்டாக. இதுல ஒண்ணும் தப்பில்லை. பொண்ணு குடுக்கப் போறவிய விசாரிக்கத்தான் செய்வாக. வீட்டுக்குக் கூப்பிட்டா உங்களுக்குத்தான் சங்கடம். கோயிலுக்குன்னு வந்திருக்கீக. போய்ச் சேவிச்சுட்டு வாங்க.”

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் மாம்பழப் பையும் நல்லெண்ணெயும் என் மடியில் இருந்தன. ஊர் எல்லை தாண்டியதும் என் கணவர் ஒரு வார்த்தை சொன்னார்.

“சொல்லிடு.”

“சொன்னா இதுவும் போயிடும். மூணாவது.”

“சொல்லாட்டி?”

“தழும்பு இல்லைன்னுதானே சொல்லியிருக்கேன். அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“கல்யாணத்துக்கு அப்புறம் தெரியாதா? அப்ப அந்தப் பையன் உன்கிட்டயா வந்து கேட்பான்? அவகிட்டதானே கேட்பான்.” சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. சரியாகச் சொல்லிவிட்டாரே என்ற கோபம். பையிலிருந்த மாம்பழத்தில் ஒன்று நசுங்கும் அளவுக்குப் பையை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

கோயில் கோபுரம் பஸ் திரும்பும்போதே தெரிந்தது. வழியெல்லாம் பால்கோவாக் கடைகள். ஒரு கடையில் உள்பக்கம் பெரிய இரும்புச் சட்டியில் பாலை விடாமல் கிண்டிக்கொண்டிருந்தார்கள். விறகு வெக்கை வாசல் வரை அடித்தது. கடைக்காரர் ஒரு விள்ளல் எடுத்துத் துண்டுக் காகிதத்தில் வைத்து நீட்டினார். அங்கே ருசி பார்க்காமல் யாரும் வாங்குவதில்லையாம். வேண்டாம் என்றேன். எடுத்துக்கோங்க, பிடிக்கலைன்னா வாங்க வேண்டாம் என்றார். வாயில் போட்டேன். இனிப்பாகத்தான் இருந்திருக்கும். எனக்கு மணல் மாதிரி இருந்தது. அரைக் கிலோ வாங்கினேன். அந்தக் கடையில் மட்டும் எனக்குக் கேட்பதற்குக் கேள்வி எதுவும் இல்லை. வெளியே வந்த பிறகுதான், சாயங்காலம் நைட்டிக் கடை அம்மாளுக்கும் கொஞ்சம் கொடுக்கலாமா என்று தோன்றியது. ராஜபாளையத்துக்காரருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா கொண்டுபோவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். அதோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு இனிப்பு நீட்டுவது?

கோயிலில் அரை மணி நேர வரிசை. எனக்கு முன்னால் நின்ற பெண் தன் மகளுக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டிருந்தாள். துளசி வாசனையும் கசகசப்பும் நெருக்கடியுமாக நகர்ந்து தாயார் முன்னால் வந்தபோது நான் கண்ணை மூடினேன். என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. சொன்ன பொய் நிலைக்க வேண்டும் என்றா? அப்படி ஒரு வேண்டுதலை எந்த வார்த்தையில் வைப்பது? பட்டர் தீர்த்தம் கொடுத்தார், கையை நீட்டி வாங்கினேன், பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள், வெளியே வந்துவிட்டேன்.

ஆடித் தேரோட்டத்துக்காகத் தேரைச் சுற்றித் தகரத்தைப் பிரித்து வேலை நடந்துகொண்டிருந்தது. அதன் நிழலில் உட்கார்ந்தோம். நான் போனை எடுத்துத் தங்கையை அழைத்தேன். எதற்கு என்று கணவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவளுடைய குரலைக் கேட்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

“உனக்கு நைட்டி வாங்கியிருக்கேன். அஞ்சு. கழுத்து ஏத்தித் தைக்கக் குடுத்திருக்கேன்.”

“நைட்டிக்கா?”

“ஆமா.”

“வீட்டுக்குள்ள போடுறதுக்கு எதுக்குக்கா ஏத்தணும்?”

“யாராவது வந்தா?”

நூலகத்தில் யாரோ புத்தகம் கேட்பது எனக்குக் கேட்டது. கேட்டவருக்கு அலமாரி எண்ணைச் சொல்லிவிட்டுத் தங்கை திரும்பப் பேச்சுக்கு வந்தாள். “ஒண்ணே ஒண்ணு மட்டும் சாதாரணக் கழுத்தா வாங்கிட்டு வாயேன். வேர்க்குதுக்கா” என்றாள்.

சண்டை போட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். அழுதிருந்தாலும் வைத்திருந்தேன். வேர்க்கிறது என்றதும், சரி என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாள் ஞாபகம் வந்தது. எனக்கு அப்போது பதினைந்து வயது. பக்கத்து வீட்டுக் குழந்தை அவளுடைய கழுத்தைப் பார்த்து இது என்ன என்று கேட்டது. அவள் சந்தோஷமாகக் காட்டத் தொடங்கினாள், மேல் பட்டனை அவிழ்த்துக்கொண்டு. நான் ஓடிப்போய் அந்தப் பட்டனைப் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து இருபத்து மூன்று வருஷம் அவளுக்குத் துணி எடுத்தவள் நான், தையல்காரரிடம் அளவு சொன்னவள் நான். கூச்ச சுபாவம் என்று காலையில் சொன்னேனே, அந்தக் கூச்சம் யாருடையது என்று அந்தத் தேர் நிழலில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அழுகை வரவில்லை, வெட்கம்தான்.

“வாங்க போகலாம்” என்றேன்.

“அஞ்சு மணிக்குத்தானே வரச் சொன்னாங்க?”

“இப்பவே போகலாம்.”

திரும்பும் பஸ் நின்று நின்று போனது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் என் தைரியம் ஒரு படி இறங்கியது. சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் பத்து விதமாகக் கட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் மன்னிப்பில் ஆரம்பித்துச் சமாதானத்தில் முடிந்தது. மூன்றரைக்கு அந்தக் கடை வாசலில் நின்றோம். நாய் அதே இடத்தில் அதே பார்வை பார்த்தது.

சித்தி மெஷினில் யாருக்கோ பாவாடை ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் காலை எடுத்தார். நான் உட்காரவில்லை.

“காலையில நான் பொய் சொன்னேன்” என்றேன். “தங்கச்சிக்குத் தழும்பு இருக்கு. ஆறு வயசுல இதயத்துல ஆபரேஷன். இப்ப அவளுக்கு ஒரு குறையும் இல்லை. எல்லா ரிப்போர்ட்டும் இருக்கு. உங்ககிட்ட மறைச்சது தப்பு.”

கட்டிவைத்த பத்து வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை. இதுதான் வந்தது. அவர் ஊசியிலிருந்து நூலை அறுத்தார். பாவாடையை மடித்து ஓரமாக வைத்தார்.

“தெரியும்” என்றார்.

நான் அவருடைய முகத்தையே பார்த்தேன்.

“போன மாசம் நானும் அக்காவும் ஸ்ரீரங்கம் வந்தோம். சேவிச்சுட்டு அப்படியே உங்க தெருவுக்கு வந்தோம். உங்க தெரு முக்குல ரவிக்கை தைக்குதுல்ல ஒரு அம்மா, அதுக்கிட்ட ரெண்டு துணியைக் குடுத்து உக்காந்துட்டோம். தைச்சு முடிக்குற வரைக்கும் பேசுச்சு. அந்த வீட்டுப் பொண்ணுக்கு மட்டும் கழுத்தை மூடித் தைக்கணும், சின்னதுல ஆபரேசன் பண்ணினது, குணம்னா அப்படி ஒரு குணம்னு சொல்லுச்சு.”

அவர்களும் கோயிலுக்குத்தான் வந்திருக்கிறார்கள். அவர்களும் பொருளைக் கொடுத்துத்தான் கேட்டிருக்கிறார்கள். உலகத்தில் நான் ஒருத்திதான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு அலைந்தது நினைவுக்கு வந்தது.

“எங்க வீட்டுல அதை ஒரு பொருட்டா யாரும் எடுக்கலை” என்றார். “நல்லாயிட்டுதுன்னா பொறவென்ன? பையன்கிட்டயும் சொல்லியாச்சு. நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தோம். தரகர்கிட்டச் சொல்லலை, சரி, நேர்ல சொல்லுவாகன்னு இருந்தோம். காலையில நானே எடுத்துக் குடுத்துக் கேட்டேன். இல்லைன்னுட்டீக.” பாவாடையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டார். “நீங்க படியெறங்கினதும் அக்காவுக்குப் போன் போட்டுட்டேன். இந்த இடம் வேண்டாம், விட்டுருவோம்னு சொல்லிட்டேன். தழும்புக்காக இல்ல.”

என் கணவர் வாசலிலிருந்து எழுந்து உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றார். முதல் இரண்டு வரனும் உண்மையைச் சொல்லிப் போயின. மூன்றாவது பொய்யைச் சொல்லிப் போகிறது. அதுவும் யாருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேனோ அவர்களுக்கு முன்பே தெரிந்த ஒன்றுக்காக. தங்கையிடம் இதை எப்படிச் சொல்லப் போகிறேன் என்று நினைத்தேன். உங்க இஷ்டம் என்று இன்னொரு முறை சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

“அவளுக்கு இதுல ஒண்ணும் தெரியாதுங்க” என்றேன்.

சித்தி போனை எடுத்து ஒரு எண்ணை அழுத்தினார். “அக்கா, நான்தான். பொண்ணோட அக்கா திரும்ப வந்திருக்கு… ஆமா, சொல்லிட்டுது. இல்ல, நான் ஒண்ணும் கேக்கலை, அதுவா வந்து நின்னு சொல்லுச்சு… சரி, குடுக்கேன்.” போனை என்னிடம் நீட்டினார்.

மறுமுனையில் குக்கர் விசில் அடித்தது. அது அடங்கியதும் வணக்கம் என்றேன்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கேன்” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. “மறைக்கணும்னு சொன்னது யாரு? பொண்ணா?”

நாள் முழுக்க நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஏதாவது ஒன்றை வாங்கியிருந்தேன். அவர் எதையும் வாங்காமல் கேட்டார். தப்பிக்க எனக்கு வழியும் இருந்தது. தரகர் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, பயந்துவிட்டார் என்று சொல்லியிருக்கலாம்.

“இல்லைங்கம்மா. நான்தான். அவ மறைக்கச் சொல்லவே இல்லை. எங்க அம்மாவுக்கும் நான்தான் சொல்லிக்குடுத்தேன்.”

குக்கரை இறக்கிவைக்கும் சத்தம். “புதன்கிழமை வாரோம்” என்றார். “பொண்ணு எங்ககிட்டப் பேசட்டும். நீ அன்னைக்கு ஒண்ணும் பேச வேண்டாம். காப்பி மட்டும் குடு.”

“சரிங்கம்மா.”

போன் வைக்கப்பட்டுவிட்டது. ஆவணியில் கல்யாணம் முடிந்தது. இன்றுவரை அந்த அம்மாள் என்னிடம் காப்பியைத் தவிர வேறெதையும் கேட்டதில்லை. நல்ல மனுஷிதான், ஆனால் மறக்கிற ஆள் இல்லை.

அன்று போனைத் திருப்பிக் கொடுத்ததும் சித்தி எழுந்து அலமாரியிலிருந்து நைட்டிகளை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். ஐந்தும் காலையில் நான் எடுத்துவைத்தது போலவே இருந்தன. கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன். எதுவும் ஏற்றவில்லை.

“இடமே வேண்டாம்னு சொன்ன பொறவு எதுக்கு மெனக்கெடணும்னு விட்டுட்டேன்” என்றார் அவர், கொஞ்சம் கூச்சத்தோடு. “செத்த நேரம் உக்காருங்க. இப்ப ஏத்தித் தாரேன்.”

“வேண்டாங்க. இப்படியே இருக்கட்டும்.”

பால்கோவாவில் பாதியை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ராத்திரி பஸ் பிடித்து மறுநாள் விடியற்காலை அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். தங்கை எழுந்து வந்து பையைப் பிரித்தாள். ஐந்தையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கழுத்தைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. நீலத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தத் தழும்பின் மேல்முனையை வெளிச்சத்தில் பார்த்தேன். வெளிர்ந்துபோய், மெல்லிய ஒரு கோடாக இருந்தது. நான் மனசில் வைத்திருந்தது இதைவிடப் பெரியது.

வாசலில் பால்காரர் மணி அடித்தார். அவள் அப்படியே பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். எதிர் வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பேப்பர் போடுகிறவர் வேறு நின்றிருந்தார். துண்டை எடுத்துப் போட்டுக்கோ என்று சொல்ல வாய் எடுத்தேன். பிறகு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்துக் காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன்.